ஆண்கள் அடைபட்ட நாடு

நம் நாட்டில் ஆண்கள் ஆங்கிலம் கற்ற கதை பெரும்பாலும் உத்தியோகத்தின் கதையே ஆகும். 1835-இல் மெக்காலே ஆங்கிலக் கல்வியைப் பற்றித் தமது பிரசித்தமான குறிப்பை எழுதிவைத்த நாளிலிருந்து, தாலுகா கச்சேரிக் குமாஸ்தா முதல் ஹைகோர்ட்டு வக்கீல் வரையில் அந்தப் பாஷையைப் படித்தவர்கள் அநேகமாக எல்லோருமே ஏதோ ஒரு நாற்காலியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தார்கள். ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் உருப்போட்டது பரீட்சைக்காக, பரீட்சை தேறியது சம்பளத்துக்காக. இதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே! ஆனால் அதே காலத்தில் அந்தப் பாஷையைக் கற்ற பெண்கள் சிலரின் சரித்திரம் வேறு. அவர்களுக்குக் கச்சேரியில் நாற்காலி கிடையாது. கற்ற பாஷையால் காலணா வருமானம் கிடையாது. படிக்கிறாள் என்று தெரிந்தால் ஊர் வாயில் விழவேண்டிய தொல்லை மட்டும் தாராளமாக உண்டு. இன்ன காரியத்துக்கு என்று யாரும் விதித்து வைக்காததாலேயே, அந்தப் பாஷையைக் கொண்டு என்ன செய்வது என்பதை அவர்கள் தாங்களாகவே தீர்மானிக்கவேண்டியிருந்தது. அவர்களில் ஒருத்தி, ஆண்மை பெண்மை என்று உலகம் வகுத்து வைத்திருந்த வரம்புகளையெல்லாம் ஒரு சின்னஞ்சிறு கதையில் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள் என்பதும், அந்தக் கதை முதன்முதலாக அச்சேறியது நம் சென்னையில்தான் என்பதும் நம்முடைய ஆங்கில வகுப்புகளில் போதிய அளவு பேசப்படாத விஷயங்கள்.

ரொக்கேயா சகாவத் ஹுசைன் 1880-ஆம் வருஷம், இன்று வங்காள தேசத்தில் உள்ள ரங்பூர் ஜில்லாவில், பைராபந்த் என்னும் கிராமத்து ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் பல பாஷைகள் அறிந்த பண்டிதர். பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பி உயர்தரக் கல்வி கொடுத்தவர். ஆயினும் பெண்மக்கள் விஷயத்தில் அந்தக் காலத்து மேல்குடிச் சம்பிரதாயத்தை அவர் அணுவளவும் மீறவில்லை. குர்ஆன் ஓதுவதற்கு அரபி, வீட்டுப் பேச்சுக்கு உருது, அவ்வளவே பெண்களுக்குப் போதும். வங்காளியும் கூடாது, ஆங்கிலமும் கூடாது. மூத்தவளான கரீமுன்னிசா திருட்டுத்தனமாக வங்காளி படித்தது வெளிப்பட்டபோது, அவளுக்குக் கல்யாணம் செய்து அனுப்பிவிட்டார்கள். இளையவள் பாடு அண்ணனால் தப்பியது. கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரியில் படித்த இப்ராகிம் சாபேர், வீட்டார் உறங்கிய பிறகு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தங்கையை உட்காரவைத்து ஆங்கிலமும் வங்காளியும் சொல்லிக்கொடுத்தார். பிற்காலத்தில் ரொக்கேயா தாம் எழுதிய ‘பத்மராக்’ என்ற நாவலை இந்த அண்ணனுக்கே சமர்ப்பணம் செய்தார். தாய்மொழியும் அந்நிய பாஷையும் ஒரே இரவில், ஒரே திருட்டு வெளிச்சத்தில் கற்கப்பட்டன என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். ஆங்கிலம் மட்டும் அவருக்குத் தடுக்கப்பட்ட கனி அன்று. தம் ஊரார் பேசிய வங்காளியும் அப்படித்தான்.

இளம்பிராயத்திலேயே அவருக்கு விவாகம் ஆயிற்று. கணவர் சையது சகாவத் ஹுசைன் பீகாரில் பாகல்பூரில் டெபுடி மாஜிஸ்திரேட்டு, மனைவியை இழந்தவர், வயதில் மிகவும் மூத்தவர், சீமைக்குப் போய் வந்தவர், மனைவி ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்று ஊக்கம் கொடுத்த அபூர்வமான மனிதர். ஆயினும் ரொக்கேயா முதலில் எழுதியது வங்காளியில்தான். ஸ்திரீகளின் தாழ்நிலையைக் குறித்து 1904-இல் ‘நவநூர்’ பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரை, சமயத்தின் பெயரால் ஆண்கள் விதித்த விதிகளை நேருக்கு நேர் தட்டிக்கேட்டது, கண்டனங்கள் கிளம்பின, அக்கட்டுரை புத்தகத்தில் சேர்ந்தபோது, மிகக் காரமான பத்திகள் சில காணாமற்போயின. அடுத்த வருஷம் அவர் ஆங்கிலத்தில் எழுதினார். இம்முறை கட்டுரை எழுதவில்லை. கனவு ஒன்றைக் கண்டார். தாய்மொழியில் வெட்டுப்பட்ட விஷயம், அந்நிய பாஷையில் வேஷம் தரித்துக்கொண்டு, சிரித்த முகத்துடன் வந்து நின்றது என்பது என் அபிப்பிராயம்.

கணவர் இரண்டு நாள் சுற்றுப்பிரயாணம் போயிருந்தார். வீட்டில் தனியே இருந்த மனைவி, பொழுதுபோக்காகச் சில பக்கங்கள் எழுதிவைத்தார். திரும்பிவந்த மாஜிஸ்திரேட்டு, நின்ற நிலையிலேயே முழுவதையும் படித்துவிட்டு, பயங்கரமான பழிவாங்கல் என்று சொன்னாராம். இதை ரொக்கேயாவே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்கள்தாம் ‘சுல்தானாவின் கனவு’.

கதை எளிது. பாரதநாட்டுப் பெண்களின் நிலையைப் பற்றி எண்ணியவாறு சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கும் சுல்தானாவிடம், சாரா என்னும் தோழி ஒருத்தி வந்து, வெளியே உலாவப் போகலாம் என்று அழைக்கிறாள். இரவுதானே, ஆண்கள் உறங்குவார்களே என்று துணிந்து புறப்பட்டால், வெளியே பட்டப்பகல். வீதி முழுவதும் பெண்கள். சுல்தானா கூச்சத்தால் கால் பின்ன நடப்பதைப் பார்த்து அவர்கள் கேலி செய்கிறார்கள்: இவள் ஆம்பிளையைப் போலப் பயந்து ஒடுங்குகிறாளே என்று! அந்த நாட்டில் நாணமும் அச்சமும் ஆடவரின் குணங்கள். ஆண்கள் வீட்டுக்குள், மர்தானா என்னும் ஆண்கள் பகுதியில் அடைபட்டிருக்கிறார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள், சமைக்கிறார்கள். சமையலறையில் கரியும் புகையும் கிடையாது. சூரியனின் உஷ்ணத்தைக் குழாய் வழியே கொண்டுவந்து அடுப்புக்கு விடுகிறார்கள். வானத்து மேகத்திலிருந்தே நீரைக் குழாயில் இறக்கிக்கொள்வதால் வெள்ளமும் இல்லை, இடியும் இல்லை. இத்தனையும் இரண்டு பெண்கள் சர்வகலாசாலைகளின் கண்டுபிடிப்பு. பெண்கள் இந்த ஆராய்ச்சியில் முனைந்திருந்த காலத்தில் ஆண்கள் தங்கள் படைபலத்தைப் பெருக்கிக்கொண்டு, இவர்களைப் பார்த்து நகைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு யுத்தம் வந்தது. ஆண்களின் படை தோற்றது. அப்போது சர்வகலாசாலைத் தலைவி ஒருத்தி, ஆண்கள் அனைவரும் முதலில் அந்தப்புரத்துக்குள் போகட்டும் என்று நிபந்தனை போட்டுவிட்டு, தன் இரண்டாயிரம் மாணவிகளுடன் போர்க்களத்துக்குச் சென்று, சேமித்து வைத்திருந்த சூரிய வெப்பத்தை எதிரியின் மேல் திருப்பிவிட்டாள். உள்ளே போனவர்கள் உள்ளேயே இருந்துவிட்டார்கள்.

இவ்விடத்தில் ஒரு சிறு சேஷ்டை உண்டு. போலீஸ் கமிஷனர்களும் ஜில்லா மாஜிஸ்திரேட்டுகளும் ராணிக்கு மனுப் போடுகிறார்கள்: தோற்றவர்கள் படைத்தலைவர்கள், எங்கள் கடமையில் நாங்கள் தவறவில்லையே, எங்களைப் பழைய உத்தியோகத்தில் அமர்த்தலாகாதா என்று. தேவைப்பட்டால் சொல்லியனுப்புகிறோம், அதுவரை இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்று பதில் போகிறது. எழுதிய பெண்மணியின் கணவர் டெபுடி மாஜிஸ்திரேட்டு என்பதை நினைத்துக்கொண்டு இந்த இடத்தைப் படிக்கவேண்டும். சுருட்டுக் கணக்கையும் விட்டுவிட மனம் வரவில்லை. ஆண்கள் தினம் ஏழு மணி நேரம் ஆபீசில் வேலை செய்கிறார்களே, நீங்கள் எப்படி இரண்டு மணி நேரத்தில் முடிக்கிறீர்கள் என்று சுல்தானா கேட்கிறாள். ஒரு சுருட்டு எரிய அரை மணி ஆகும், நாளுக்குப் பன்னிரண்டு சுருட்டு, ஆறு மணி நேரம் புகையாகப் போயிற்று என்று சாரா கணக்குக் கூட்டிக் காட்டுகிறாள். சர்க்கார் ஆபீசைப் பற்றி இதைவிடச் சுருக்கமான அறிக்கையை நான் படித்ததில்லை.

நடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்காலத்து இந்திய ஆங்கிலம், ஆண்கள் கையில், பெரும்பாலும் நீண்ட சமாசங்களும் மேற்கோள்களுமாகக் கனத்துக் கிடந்தது. ரொக்கேயாவின் ஆங்கிலமோ, பாலபாடப் புத்தகத்துச் சம்பாஷணையைப் போலக் குட்டிக் குட்டி வாக்கியங்களால் ஆனது. சுல்தானா ஒரு கேள்வி கேட்கிறாள், சாரா ஒரு பதில் சொல்கிறாள், அடுத்த கேள்வி. இரண்டாம் பாஷையாகக் கற்றவருக்கு இயல்பாக வாய்க்கும் இந்த எளிமை, பரிகாசத்துக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது! அசட்டுச் சிறுமி கேட்பதுபோலக் கேட்டு, ஆசிரியை சொல்வதுபோலச் சொல்லி, அதற்கு நடுவே ஒரு சமூகத்தின் அஸ்திவாரத்தையே கழற்றி வைத்துவிடுகிறார். குரல் எங்கும் உயர்வதில்லை.

கதை 1905-இல் சென்னையிலிருந்து வெளிவந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசீன்’ என்ற மாதப் பத்திரிகையில் பிரசுரமாயிற்று. 1901-இல் அதைத் தொடங்கி நடத்தியவர் கமலா சத்தியநாதன்; தெலுங்குக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் வாழ்ந்த பட்டதாரிப் பெண்மணி. சரோஜினி நாயுடுவின் கவிதைகளும் அதில் வந்தன. பீகாரில் இருந்த வங்காள முஸ்லிம் பெண் ஒருத்தி எழுதியதைத் தெலுங்குப் பெண் ஒருத்தி தமிழ்நாட்டில் அச்சிடவேண்டுமானால், அன்றைக்கு இருவருக்கும் பொதுவாக இருந்த பாஷை ஆங்கிலம் ஒன்றே. ராஜப்பிரதிநிதிகள் தங்கள் ஆட்சியின் வசதிக்காகக் கொண்டுவந்து வைத்த பாஷையில், அவர்கள் எதிர்பாராத விதமாக, அந்தப்புரத்துக்கும் அந்தப்புரத்துக்கும் நடுவே ஒரு தபால் போக்குவரத்து நடந்தது.

கமலாவின் கணவர் சாமுவேல் சத்தியநாதனின் முதல் மனைவி கிருபாபாயும் ஆங்கிலத்தில் நாவல் எழுதியவரே. 1862-இல் அகமத்நகரில், கிறிஸ்தவ மதம் தழுவிய மராட்டியப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த கிருபாபாய்க்குப் புத்தகங்களின் சுவையைக் காட்டியவரும் ஓர் அண்ணன்தான். பாஸ்கர் என்று பெயர். 1878-இல் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து, உடல்நலம் கெட்டதால் ஒரு வருஷத்தில் படிப்பை நிறுத்திய அந்த அம்மையார், தம் வாழ்க்கையையே ‘சகுணா’ என்ற நாவலாக எழுதினார். 1887-88-இல் அது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் தொடராக வந்தது. உதகமண்டலத்தில் முஸ்லிம் பெண்குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமும் நடத்தினார். 1894-இல், முப்பத்திரண்டு வயதில், காலமானார். ரொக்கேயாவைப் போல உலகத்தைக் கவிழ்த்துக் காட்டும் துணிச்சல் அவருடைய எழுத்தில் இல்லை. ஆயினும் படித்த பெண்ணின் மனத்துக்குள் நடக்கும் போராட்டத்தை உள்ளிருந்து சொன்ன குரல் அது.

ஆங்கிலம் கற்றவுடன் பெண்ணுக்கு விமோசனம் கிடைத்துவிட்டது என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிடக்கூடாது. ரொக்கேயா அப்படி நம்பவில்லை. மேரி கோரெல்லி 1896-இல் எழுதிய, டெலிசியா என்ற ஆங்கில நாவலாசிரியையின் கதையை அவர் வங்காளியில் சுருக்கி எழுதினார். டெலிசியா பேரும் புகழும் பெற்றவள். தன் பேனாவால் சம்பாதிக்கிறவள். அவள் பணத்தில் வாழும் பிரபுவான கணவனோ, அதை வேறொருத்திக்கு வாரி இறைக்கிறான். அவள் நெஞ்சுடைந்து சாகிறாள். பர்தாவுக்குள் உள்ள நம் பெண்ணும், பர்தா இல்லாத அந்தச் சீமைப் பெண்ணும் இந்த விஷயத்தில் அக்காள் தங்கைகளே என்று ரொக்கேயா பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஆங்கிலப் பாடப்புத்தகங்களிலும் பெண்ணின் நிலை நெடுங்காலம் தாழ்ந்தே இருந்தது. அந்நிய நாட்டாருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் புத்தகங்களை 1978-இல் பரிசீலித்த ஹார்ட்மன், ஜட் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், அவற்றில் பெண்கள் அபூர்வமாகவே தலைகாட்டுகிறார்கள், காட்டினாலும் கேலிப்பாத்திரங்களாகவோ வீட்டுக்காரிகளாகவோ வருகிறார்கள், இருபாலாரையும் சேர்த்துச் சொல்லும் இடத்தில் ஆண் பெயரே முதலில் நிற்கிறது என்று எடுத்துக்காட்டினார்கள். நம் பிள்ளைகளும் அப்பா ஆபீசுக்குப் போகிறார், அம்மா சமைக்கிறாள் என்றுதானே நிகழ்கால வினையைக் கற்றார்கள்? சாராவும் சுல்தானாவும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தால் வாக்கியத்தில் எழுவாயை மட்டும் மாற்றிப்போட்டிருப்பார்கள்; இலக்கணப்பிழை எதுவும் நேர்ந்திராது.

கனவு 1908-இல் கல்கத்தாவில் தனிப் புத்தகமாக வந்தது. அடுத்த வருஷம் கணவர் இறந்தார். அவர் பெயரால் ரொக்கேயா பாகல்பூரில் ஐந்து மாணவிகளோடு ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் தொடங்கி, குடும்பத் தகராறுகளால் அங்கே இருக்க முடியாமல், 1911-இல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு மறுபடி தொடங்கினார். அந்தப் பள்ளிக்கூடம் இன்றும் இருக்கிறது. ஆங்கிலக் கனவை அவரே வங்காளியில் எழுதி, 1922-இல் தம் ‘மோதிசூர்’ என்ற தொகுதியின் இரண்டாம் பாகத்தில் சேர்த்தார். பதினேழு வருஷத்துக்கு முன் நேரே சொல்ல இடம் கிடைக்காத விஷயம், சென்னை வழியாகச் சுற்றிக்கொண்டு, வீடு வந்து சேர்ந்தது.

கனவில் சாரா ஒரு சதுரப் பலகையில் இரண்டு ஆசனங்களைத் திருகிப் பொருத்தி, ஹைடிரஜன் உருண்டைகளையும் மின்சாரத்தால் சுழலும் சிறகுகளையும் மாட்டி, தோழியை ஆகாயமார்க்கமாக ராணியிடம் அழைத்துப்போகிறாள். பள்ளிக்கூடத்துக்கு ரொக்கேயா வாங்கிய மோட்டார் பஸ்ஸோ நான்கு பக்கமும் அடைத்தது. சிறு வலைப்பின்னல் வழியே தவிர உள்ளே காற்றும் புகாது, வெளிச்சமும் புகாது. அதில் வந்த குழந்தைகள் இருட்டில் அலறினார்கள், வாந்தி எடுத்தார்கள், மயங்கி விழுந்தார்கள். பெற்றோர் குறை சொன்னார்கள். சரி என்று பக்கத்து அடைப்புகளைக் கழற்றிவிட்டு, வர்ணத் திரைச்சீலை தொங்கவிட்டார். உடனே கடிதங்கள் வந்தன: திரை காற்றில் ஆடுகிறது, பர்தா குலைகிறது, சரிசெய்யாவிட்டால் பத்திரிகைகளில் எழுதி மானத்தை வாங்கிவிடுவோம் என்று. உருதுவில் சில, ஒன்று நல்ல ஆங்கிலத்தில், ‘இஸ்லாமிய சகோதரன்’ என்ற கையெழுத்தோடு. அடைத்தால் குழந்தைகள் மூர்ச்சை, திறந்தால் பெரியவர்கள் கோபம். இரண்டுக்கும் நடுவே பள்ளிக்கூடம் நடக்கவேண்டும். காலமாவதற்கு முந்தைய வருஷமான 1931-இல், ‘அவரோதவாசினி’ என்ற புத்தகத்தில், பர்தாவின் கொடுமைகளைக் காட்டும் நாற்பத்தேழு சம்பவங்களின் வரிசையில் கடைசியாக இதைச் சேர்த்திருக்கிறார். அது வங்காளியில் எழுதிய புத்தகம். அதில் கனவும் இல்லை, சாராவும் இல்லை. நடந்தது நடந்தபடி, யார் வீட்டைப் பற்றிய செய்தியோ அந்த வீட்டாரே படித்துத் தெரிந்துகொள்ளும் பாஷையில், எழுதி வைத்திருக்கிறார்.