மூணாவதும் பொண்ணா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியானபோது தமிழ்நாட்டிலேயே கடைசி இடம் கடலூர் மாவட்டத்துக்கு. ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 896 பெண் குழந்தைகள்; 2001-இல் அது 957. பக்கத்து அரியலூரில் 897. பெண் சிசுக்கொலை என்றால் உசிலம்பட்டி, சேலம், தருமபுரி என்றே பேசிப் பழகியவர்களின் பார்வை வெள்ளாற்றங்கரைக்குத் திரும்பியது அப்போதுதான். 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2011-இல் கடலூருக்கும் வந்தது.

கள்ளிப்பால் கதை பழசு என்பார்கள். ஓரளவு உண்மைதான். கருவின் பாலினம் அறியத் தடை விதிக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறி, ஸ்கேன் அறையிலேயே பல கணக்குகள் முடிந்துவிடுகின்றன. அதையும் தாண்டிப் பிறந்துவிட்டவளின் பாடு என்ன? வேளாவேளைக்குப் பால் இல்லை. சளி கட்டினாலும் ஆஸ்பத்திரி இல்லை. ஒருநாள் காலையில் “பால் புரையேறிடுச்சு” என்கிறார்கள். பச்சைக் குழந்தைக்குப் பதினாறாம் நாள் காரியமா, பந்தலா? பொழுது சாய்வதற்குள் புதைத்தாகிவிடும். உண்மையிலேயே புரையேறி இறக்கும் குழந்தைகளும் உண்டு. எது எப்படி என்று பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும் அல்லவா?

ஏட்டளவில் ஆள் உண்டு. பிறந்த 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்கே போய்க் குழந்தையின் எடையைப் பார்க்க வேண்டும் என்பது தேசிய வழிமுறை. ஆனால் பிரசவம் தாய்வீட்டில். அந்த ஊர் நர்சம்மா ‘புருஷன் ஊருக்குப் போயிருப்பா’ என்று நினைக்க, இந்த ஊர் நர்சம்மா ‘இன்னும் வரலையே’ என்று காத்திருந்தால், ஆறு நாட்களும் வெறும் கட்டங்கள்தான்.

பணமும் இங்கே விளையாடுகிறது. மகப்பேறு நிதியுதவி இரண்டு பிரசவங்களோடு சரி. பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் ஒரே பெண்ணுக்கு 50,000 ரூபாய், இரண்டு பெண்கள் என்றால் தலா 25,000. அதற்கும் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும். மூன்றாவதாகப் பிறந்தவளுக்குத் தவணையும் கிடையாது, பத்திரமும் கிடையாது. அவளை உயிரோடு காட்டினால்தான் காசு என்று சொல்லும் ஒரு தாளும் அந்த வீட்டில் இல்லை.

இறந்த பிறகாவது கேள்வி கேட்க வேண்டாமா? லண்டனில் 2000-ஆம் ஆண்டு உறவுக்காரப் பெண்மணியின் பொறுப்பில் இருந்த எட்டு வயதுச் சிறுமி சித்திரவதையால் இறந்தாள். காப்பாற்ற 12 வாய்ப்புகள் இருந்தும் கைநழுவின என்றது அதை விசாரித்து 2003-இல் வந்த லேமிங் அறிக்கை. 2008 முதல் இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்ட எவர் இறந்தாலும், நோயால் இறந்தாலும்கூட, மறுஆய்வு உண்டு. ஐந்து வயதுக்குட்பட்டோர் மரணத்துக்கு அப்படியொரு வழிகாட்டுதல் இந்தியாவிலும் 2014-இல் வந்தது. புதைத்த மண் காயும் முன் யாராவது அந்த வாசலில் போய் உட்கார்ந்து கேட்டால்தான் அதற்குப் பொருள்.

வளர்க்க முடியாதவர்களுக்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் நலக் குழுவிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசமும் உண்டு. 1098-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். பிரசவ வார்டில் தடுப்பூசி அட்டையைக் கையில் கொடுக்கும்போதே, மாமியாரும் பக்கத்தில் இருக்கும்போது, இதையும் சொல்லி அனுப்பலாம்.