பார்க்கும் வெளிச்சமே சுட்டால்...
ராமன் விளைவால் இயங்கும் நுண்ணோக்கிகளில் வெப்பம் செய்யும் குளறுபடி

கல்கத்தாவின் பௌபஜார் தெரு, எண் 210. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அப்போது அங்கேதான் இருந்தது. 1928 பிப்ரவரியில் சி.வி. ராமனும் வத்திராயிருப்புக்காரரான கே.எஸ். கிருஷ்ணனும் அங்கே தேடியது மிக மங்கலான ஓர் ஒளி. திரவத்தில் சிதறி, நிறம் மாறி வெளிவரும் ஒளி. அதைக் காண வெயிலையே குவித்தார்கள்: முதலில் 18 செ.மீ. அகலமுள்ள தொலைநோக்கி லென்ஸ், அடுத்து 5 செ.மீ. குவியத்தூரம் கொண்ட இன்னொரு லென்ஸ். திரவம் தெளிவானது. ஒளியை அதிகம் விழுங்காததால் சூடு தொல்லை தரவில்லை.

இன்று வெயிலின் இடத்தில் லேசர். நுண்ணோக்கி அதை ஒரு மைக்ரானுக்கும் குறைவான புள்ளியாகக் குவிக்கிறது. சக்தி என்னவோ லேசர் பேனா அளவுதான். ஆனால் ஒரு சதுர மைக்ரானில் ஒரு மில்லிவாட் விழுந்தால், அது உச்சி வெயிலைப்போல் சுமார் பத்து லட்சம் மடங்கு. பூதக்கண்ணாடியால் காகிதத்தைக் கொளுத்திய சிறுவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விபரீதம் கறுப்புப் பொருள்களில்தான். மேக்னடைட் என்ற கறுப்பு இரும்புத் தாது லேசர் சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு சிவப்பு ஹெமடைட்டாக மாறிவிடும். கருவியும் 'ஹெமடைட்' என்றே சொல்லும். அது பொய் அல்ல. ஆனால் அந்த ஹெமடைட்டைத் தயாரித்ததே கருவிதான். காற்றை அடைத்துச் சுட்டதால் கறுத்த பழைய பானை ஓட்டில் இப்படி நேர்ந்தால், சூளையில் காற்று தாராளமாகப் பாய்ந்ததாக ஆய்வாளர் எழுதிவிடலாம். ஈயம் கலந்த பழைய ஓவியச் சாயங்களும் இப்படி மாறக்கூடியவை. தூள் இன்னும் மோசம்: துகள்களுக்கு நடுவே காற்று இருப்பதால் சூடு வெளியேற வழியில்லை.

உயிருள்ள செல்களும் தப்புவதில்லை. ஒளியால் நுண்ணுயிர்களைப் பிடித்து நிறுத்திய ஆர்தர் ஆஷ்கின் (2018இல் நோபல் பெற்றவர்), பச்சை லேசரில் அவை சாவதைக் கண்டு அகச்சிவப்புக்கு மாறினார். 1987இல் அவை லேசரின் பிடியிலேயே பெருகின.

சுவாரசியம் என்னவென்றால், சூட்டை அளக்கும் தெர்மாமீட்டரும் ராமன் விளைவிலேயே இருக்கிறது. சிதறும் ஒளியின் ஒரு பகுதி மூலக்கூறுக்குச் சக்தியைக் கொடுத்துவிட்டு வருகிறது. இன்னொரு பகுதி, ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறிடமிருந்து சக்தியைப் பெற்றுக்கொண்டு வருகிறது. சூடு ஏற ஏற இரண்டாவது ரகம் கூடும். இரண்டின் விகிதத்தைக் கணக்கிட்டால், லேசர் விழும் இடத்தின் வெப்பநிலை தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு எளிய சோதனை உண்டு. சக்தியை வெகுவாகக் குறைத்து, புதிய இடத்தில் முதல் பதிவை எடுப்பது. பிறகு படிப்படியாக ஏற்றி, கோடுகள் நகர்கின்றனவா என்று பார்ப்பது. மாதிரியைச் சுழற்றலாம், நீரில் அமிழ்த்தலாம். விலை நேரம்தான்: சக்தி பத்தில் ஒரு பங்கானால், அதே அளவு ஒளியைச் சேர்க்கப் பத்து மடங்கு காத்திருக்க வேண்டும். கருவிக்காக வெளியே வரிசை நிற்கும்போது, சக்தியைக் கூட்டிவிடத்தான் கை துறுதுறுக்கும்.