மேடை ஏறிய சிறுவன்

பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க வரும் தாயாரிடம் உபாத்தியாயர் என்னென்ன கேட்பது வழக்கம்? பெயர் என்ன, வயது என்ன, எதுவரையில் படித்திருக்கிறான், தடுப்பூசி போட்டாயிற்றா, ஏதாவது வியாதி உண்டா? இருபது வருஷ காலமாக இந்தக் கேள்விகளைக் கேட்டுக் கேட்டு நமக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கடைசிக் கேள்விக்கு அநேகமாக எல்லாத் தாய்மார்களும் "ஒன்றும் இல்லை" என்றே எழுதுவார்கள். உண்மையாகவே ஒரு வியாதி இருந்து, அதை ஒருத்தி மறைக்காமல் எழுதிவிட்டால் பிறகு என்ன நடக்கும் என்று நாம் யோசித்துப் பார்த்ததே இல்லை.

1997-ம் வருஷத்தில் தென்னாப்பிரிக்காவின் ஜோஹானஸ்பர்க் நகரில் ஒருத்தி அப்படி எழுதிவிட்டாள். அவள் பெயர் கெயில் ஜான்ஸன். அவள் வளர்த்து வந்த என்கோசி என்னும் எட்டு வயதுச் சிறுவனுக்குப் பிறவியிலேயே எச்.ஐ.வி. கிருமி தொற்றியிருந்தது. பெற்ற தாய்க்கும் அதே நோய்; அந்த வருஷத்திலேயே அவள் காலமானாள். விண்ணப்பத்தில் கண்ட ஒரு வார்த்தைக்காகப் பையனைச் சேர்க்கலாமா கூடாதா என்று பள்ளிக்கூடத்தில் விவாதம் எழுந்தது. பெற்றோர் இரண்டு கட்சியாகப் பிரிந்தனர். பக்கத்தில் உட்காருவதாலோ, கையைப் பிடித்துக்கொண்டு விளையாடுவதாலோ, ஒரே தம்ளரில் தண்ணீர் குடிப்பதாலோ இந்தக் கிருமி பரவாது என்று வைத்தியர்கள் அதற்குப் பல வருஷம் முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஆயினும் பயத்துக்குக் காது கேட்பதில்லை அல்லவா? தேசமெங்கும் பேச்சாகி, முடிவில் பையன் பள்ளியில் சேர்ந்தான். அந்தக் கிளர்ச்சியின் பயனாக, இக்காரணத்துக்காக எந்தக் குழந்தையையும் பள்ளிகள் விலக்கலாகாது என்ற கொள்கையும் அந்நாட்டில் வகுக்கப்பட்டது.

அந்தப் பையன்தான் மூன்று வருஷம் கழித்து உலகத்தின் முன் எழுந்து நின்றான்.

2000-ம் வருஷம் ஜூலை மாதம் டர்பன் நகரில் பதின்மூன்றாவது சர்வதேச எய்ட்ஸ் மகாநாடு கூடிற்று. டர்பன் நமக்கு அந்நியமான ஊர் அன்று. 1860 முதல் நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிச் சென்று கரும்புத் தோட்டங்களில் பாடுபட்ட நேட்டாலின் துறைமுகம் அது. 1893-ல் காந்தியடிகள் வந்து இறங்கிய இடமும் அதுவே. அதுவரையில் செல்வ நாடுகளிலேயே நடந்துவந்த அந்த மகாநாடு, வறிய நாடுகளின் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

அன்றைய நிலைமை விசித்திரமானது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் சாகக் கிடப்பவரையும் எழுப்பி நடமாடச் செய்யலாம் என்பது 1996-லேயே தெரிந்துவிட்டது. ஆனால் அந்த மருந்துக்கு ஆள் ஒன்றுக்கு வருஷத்துக்குப் பதினாயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று. மருந்து இருந்ததோ வடக்கே; நோய் மலிந்திருந்ததோ தெற்கே. போதாக்குறைக்கு, அந்நாட்டு ஜனாதிபதி தாபோ எம்பெகி, கிருமிதான் எய்ட்ஸ் நோய்க்குக் காரணமா என்று சந்தேகிப்பவர்களுக்குச் செவி சாய்த்துக்கொண்டிருந்தார். கிருமியே காரணம் என்று ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று.

இந்தச் சர்ச்சைகளுக்கு நடுவே, மகாநாட்டின் ஆரம்பக் கூட்டத்தில், பதினோரு வயது என்கோசி பெரிய மனிதர்களைப் போல் கோட்டு அணிந்துகொண்டு மேடைக்கு வந்தான். தன் தாயைப் பற்றிச் சொன்னான். பள்ளிக்கூடத்து வாசலில் நேர்ந்ததைச் சொன்னான். கர்ப்பிணிகளுக்குச் சர்க்கார் மருந்து கொடுத்தால் குழந்தைகளுக்கு நோய் தொற்றாதே என்று கேட்டான். தங்களுக்கும் கை உண்டு, கால் உண்டு, தாங்களும் மற்றவர்களைப் போன்றவர்களே, தங்களைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று வேண்டிக்கொண்டான். விஞ்ஞானிகளின் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் எண்ணிக்கையாக மட்டும் இருந்து வந்தது, அன்றைக்குக் குழந்தைக் குரலில் பேசிற்று.

நோயாளிகள் இவ்வாறு மேடை ஏறுவது அன்று தோன்றிய வழக்கம் அல்ல. 1983-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு சுகாதார மகாநாடு நடந்தபோது, எய்ட்ஸ் கண்ட சிலர் தாங்களாகவே மேடை ஏறி ஓர் அறிக்கை வாசித்தார்கள். தங்களைப் 'பலியானவர்கள்' என்று அழைக்க வேண்டாம். எப்போதும் 'நோயாளிகள்' என்றும் சொல்ல வேண்டாம். தாங்கள் எய்ட்ஸோடு வாழும் மனிதர்கள். தங்கள் விஷயத்தைத் தீர்மானிக்கும் சபைகளில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்பது அதன் சாராம்சம். வாசித்தவர்களில் பாபி காம்ப்பெல் என்ற நர்ஸ் மறுவருஷமே மாண்டார். பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். 'நோயாளி' என்ற சொல்லுக்கு இலக்கணம் கூறும் பொருள் நோயை உடையவர் என்பதுதான். நாமோ அவரை நோய்க்கு உடைமையாக அல்லவா நடத்துகிறோம்! 1994-ல் பாரிஸ் நகரில் கூடிய 42 நாடுகள், நோயோடு வாழ்வோருக்குத் தீர்மானங்களில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டன.

ஆனால் காகிதத்தில் ஒப்புக்கொள்வது எளிது. தெருவில் வாய் திறந்து சொல்வது எளிதன்று. 1998 டிசம்பரில், அதே டர்பனை அடுத்த குவாமாஷு என்ற ஊரில், தமக்கு எச்.ஐ.வி. இருப்பதாகப் பகிரங்கமாகச் சொன்ன குகு டிலாமினி என்ற பெண்மணியை அடித்தே கொன்றுவிட்டார்கள். அதன் பிறகு, அந்த நோய் உள்ளவர்களும் இல்லாதவர்களுமாகப் பலர் 'எச்.ஐ.வி. உள்ளவர்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட சட்டையை அணிந்து தெருவில் நடக்கத் தொடங்கினார்கள். யாரை அடிப்பது, யாரை விடுவது என்று தெரியாமல் செய்த இந்த உபாயம் அகிம்சைப் போர்முறையில் சேர்ந்ததே ஆகும். மகாநாடு தொடங்கிய நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் மருந்து கேட்டு டர்பன் வீதிகளில் ஊர்வலம் சென்றார்கள்.

மறுநாள் எட்வின் காமெரான் என்ற நீதிபதி பேசினார். அவருக்கும் அதே நோய். தாம் உயிரோடு நின்று பேசுவதற்குக் காரணம் புண்ணியமோ அதிர்ஷ்டமோ அல்ல, மருந்தை விலைக்கு வாங்கத் தம் சம்பளம் இடம் கொடுப்பதுதான் என்றார். தம்மைப் போன்ற லட்சக்கணக்கானவர்கள் பணம் இல்லை என்ற ஒரே குற்றத்துக்காக மடிகிறார்களே என்று தம்மையே சாட்சியாக நிறுத்திக் கேட்டார். நீதிபதியே சாட்சிக் கூண்டில் ஏறிய அந்த வழக்கில் உலகம் பதில் சொல்லாமல் தப்ப முடியவில்லை.

பதிலின் ஒரு பகுதி நம் நாட்டிலிருந்தே சென்றது. மருந்துப் பொருளுக்கு ஏகபோக உரிமை அளிக்காத 1970-ம் வருஷச் சட்டம் அப்போது இங்கே அமலில் இருந்தது. அதன் துணையால், காந்தியடிகள் 1939-ல் நேரில் சென்று பார்த்த பம்பாய் ஸிப்ளா கம்பெனி, 2001 பிப்ரவரியில், ஆள் ஒன்றுக்கு வருஷத்துக்கு 350 டாலர் விலையில் மருந்து தர முன்வந்தது. மலிவு மருந்துக்கு வழி செய்யும் சட்டத்தை எதிர்த்துத் தென்னாப்பிரிக்க சர்க்கார்மீது வழக்குத் தொடுத்திருந்த 39 கம்பெனிகள், ஏப்ரலில் அதை வாபஸ் வாங்கிக்கொண்டன. 2002 ஜூலையில், கர்ப்பிணிகளுக்குச் சர்க்கார் மருந்து கொடுத்தே தீர வேண்டும் என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுவன் மேடையில் கேட்டது அதைத்தான்.

அதைக் கேட்க அவன் இருக்கவில்லை. 2001 ஜூன் 1-ந் தேதி, பன்னிரண்டாவது வயதில் அவன் கண் மூடினான்.

2023 முடிவில் உலகத்தில் மூன்று கோடிக்கு மேற்பட்டவர்கள் இந்த மருந்தை உண்டு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். தினம் ஒரு மாத்திரை. வறிய நாடுகளுக்கு வருஷத்துக்கு 45 டாலருக்கும் குறைந்த விலை. ஒழுங்காக உட்கொண்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டால், தாம்பத்திய உறவினால் மற்றவருக்கு அது தொற்றுவதும் இல்லை. ரசாயனமும் சட்டமும் விலைக் குறைப்பும் சேர்ந்து செய்த காரியம் இது. ஆனால் அவற்றை அசைத்துவிட்டது எது? தன் நோயைத் தன் பெயரோடு சொல்லத் துணிந்த மனிதனின் வாய்ச்சொல்தான்.

நமது தேசத்திலும் 2017-ம் வருஷச் சட்டம், இந்நோயைக் காரணமாகச் சொல்லிப் படிப்பையோ உத்தியோகத்தையோ மறுக்கக் கூடாதென்று விதித்திருக்கிறது. சட்டம் பள்ளிக்கூடத்து வாசல் வரையில்தான் வரும். உள்ளே பெஞ்சியில் சற்று நகர்ந்து இடம் கொடுக்க வேண்டியவர்கள் நம் வீட்டுக் குழந்தைகள். அவர்களுக்கு அதைக் கற்பிக்க வேண்டியவர்கள் உபாத்தியாயர்களாகிய நாமும், பெற்றோர்களாகிய நீங்களும் அல்லவா? வரும் ஜூன் மாதம் ஏதோ ஒரு தாயார் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தக் கடைசிக் கேள்விக்கு எதிரே உண்மையை எழுதலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்பாள். அவளுடைய தயக்கத்தைப் போக்குவது நம் முகம்தான்.