நிரந்தரப் பதிவேடுகளும் அழிப்புத் தவணையும்

பதிவேடு ஒன்றை எத்தனை ஆண்டு வைத்திருப்பது என வரையறுக்கும் பேணற்காலம், அலுமாரியில் எஞ்சிய இடத்தைப் பார்த்தன்றி, அப்பதிவேடு எவருடைய உரிமையை எவ்வளவு காலம் நிறுவும் என்பதைப் பார்த்தே குறிக்கப்பட வேண்டும். இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், தான் நடைமுறைக்கு வந்தபோது இருந்த பதிவேடுகளைக் குறைந்தது 10 ஆண்டுகளும், பின்னர் உருவானவற்றைக் குறைந்தது 12 ஆண்டுகளும் பேணுமாறு பணிக்கிறது. இக்கீழெல்லையை அழிப்புத் தவணையாகக் கொள்ளும் அலுவலர்களின் அசட்டை பொறுக்கத்தக்கதன்று. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டத்தின் கீழ், தேசிய சுவடிகள் கூடத்தின் அனுமதியின்றி அரச பதிவேடுகளை அழிக்கலாகாது.

1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது பல குடும்பங்களின் காணி உறுதிகளும் சான்றிதழ்களும் தொலைந்தமையால், அலுவலகப் பிரதியே அவர்களுக்கு எஞ்சிய சான்றாயிற்று. பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளும் காணிப் பதிவுகளும் இவ்வாறு என்றும் சான்றாக நிற்க வேண்டிய, ஒருபோதும் அழிக்கத்தகாத நிரந்தரப் பதிவேடுகள். மருதனார்மடத்தில் 1913இல் நிறுவப்பட்ட இராமநாதன் கல்லூரியைப் போன்ற பழம்பெரும் பாடசாலைகளின் சேர்வு இடாப்பும், பிறந்த திகதிக்கும் கல்விக்கும் சான்றாவதால், நிரந்தரமாகவே பேணத்தக்கது. வரவு இடாப்போடு சேர்த்து அதனைக் கழிப்பது பெருந்தவறு.

உறுதியைத் தொலைத்தவர், உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றுடன் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். இம்மூன்றையும் வேறொரு கொப்பியில் எழுதிவைக்காமல் உறுதியை மட்டும் பெட்டியில் பூட்டிவைப்போரே பின்னர் அலைகின்றனர். பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தை நாடலாம்.

அலுவலகமொன்றில் பதிவேட்டைக் கேட்கும்போது, “கோவை இல்லை” என்ற வாய்மொழிப் பதிலோடு திரும்பிவிடக் கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவ்வலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, கோவை எப்போது, எவருடைய அனுமதியுடன் அழிக்கப்பட்டது எனக் கேட்டு, அனுமதிக் கடிதத்தின் பிரதியையும் கோர வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்கான எழுத்துமூல ஒப்புதலைக் கையில் பெறாமல் அங்கிருந்து அகலக் கூடாது. 14 வேலை நாட்களுள் தகவல் அலுவலர் முடிவு கூற வேண்டும். மறுப்புக் கிடைத்தால் 14 நாட்களுள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அவருடைய முடிவும் பாதகமாயின் இரண்டு மாதங்களுள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். மீண்டும் வலியுறுத்தத்தக்கது எழுத்துமூல ஒப்புதலே: கோரப்பட்ட பதிவேட்டை விண்ணப்பமோ மேன்முறையீடோ நிலுவையிலிருக்கும்வரை அழிக்கலாகாது என்பது சட்டம், அந்த நிலுவையைக் காட்டும் சான்றோ ஒப்புதல் கடிதம்.