கணையக் கட்டியும் கேளா ஒலியும்



எங்கள் காஞ்சிபுரத்தை அடுத்த காரைப்பேட்டையில், அறிஞர் அண்ணாவின் பெயரைத் தாங்கிய புற்றுநோய் மருத்துவமனை 1969-ஆம் ஆண்டு தோன்றியது. அதனைக் கண்டறிந்த மாணவர் பலர் என்னிடம் வினவுவதுண்டு: ‘கட்டி என்றாலே புற்றுநோய்தானா, ஐயா?’ இல்லை என்பதற்குக் கணையமே தக்க சான்று.

இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும் கணையம், சீரண நீரையும் இன்சுலினையும் சுரக்கும் உறுப்பு. அதில் நீர்க்கட்டிகள் தோன்றுவதுண்டு. அவற்றுட் சில தீங்கற்றவை. சில நாளடைவில் புற்றாக மாறக்கூடியவை. கணையத்தில் அறுவை செய்வதோ இடர் மிகுந்த செயல். தீங்கற்ற கட்டியை அறுத்தால் வீண் துன்பம். தீய கட்டியை விட்டுவிட்டால் உயிர்க்கேடு. எனவே, முதலில் வகையறிய வேண்டும்.

இதற்குத் துணைபுரிவது அல்ட்ராசவுண்ட் எனும் கேளா ஒலி. நம் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். மருத்துவர் பயன்படுத்தும் ஒலியின் அதிர்வுகளோ 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவை. கிளாஸ்கோ நகரின் அயன் டொனால்டும் அவர்தம் துணைவரும், வயிற்றுக் கட்டிகளை இவ்வொலியால் ஆராய்ந்த முடிவுகளை 1958-இல் வெளியிட்டனர்.

இரு வேறு பொருள்கள் சந்திக்கும் எல்லையில் ஒலி எதிரொலிக்கும். தெளிந்த நீரினூடே தடையின்றிச் செல்லும். ஆதலால் படத்தில் நீர் கருமையாகவும், சுவர்கள் வெண்மையாகவும் தோன்றும். தேனடைபோல் நுண்ணறைகள் நிறைந்திருப்பின், அது பெரும்பாலும் தீங்கற்ற தெளிநீர்க் கட்டி. இதில் ஒரு விந்தை உண்டு: சுவர்கள் மிகப் பலவாகையால், நீர் நிறைந்த கட்டியே சில வேளை திடக் கட்டிபோல் காட்சி தரும்! பெரிய அறைகள் சிலவே கொண்டு, கணையத்தின் நடுவிலோ வாலிலோ அமைவது சளிநீர்க் கட்டி. பெரும்பாலும் பெண்களுக்கே வரும் இது புற்றாக மாறக்கூடும். மூன்றாம் வகை, கணைய நாளத்தோடு தொடர்புடையது. நாளம் விரிந்திருப்பது அதன் குறி. இதுவும் கவனத்திற்குரியது. இவையன்றி, கணைய அழற்சிக்குப் பின் தேங்கும் போலிக் கட்டியும் உண்டு.

குடலிலுள்ள காற்று ஒலியைத் தடுப்பதால், வெளியிலிருந்து பார்ப்பது எப்போதும் போதாது. அப்போது, நுனியில் ஒலிக்கருவி பொருத்திய குழாயை வாய்வழியே இரைப்பைக்குள் செலுத்தி, கணையத்தை அருகிலிருந்தே காண்பர். வேண்டுமாயின் ஊசியால் நீரெடுத்துச் சோதிப்பர்.

சரிகையின் பளபளப்பை மட்டும் நம்பாது, சுரண்டி உள்ளிழை சிவப்பா என்று பார்ப்பது எம் ஊர்ப் பட்டு வணிகர் வழக்கம். மருத்துவரும் அவ்வாறே. படம், நீர், நோயாளியின் வயது, முன்வரலாறு ஆகிய அனைத்தையும் சேர்த்தே தீர்ப்புக் கூறுவர். கட்டி என்றதும் அஞ்சி ஒளிவதைவிட, அதன் வகையை உரிய காலத்தில் அறிவதே அறிவுடைமை.