நகர நடுவே நமக்கொரு இலை

சென்னைக்குச் சென்று வராத குடும்பம் இன்று தமிழகத்தில் அரிது. மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காகச் செல்வோர் உண்டு. மருத்துவ ஆலோசனைக்காகச் செல்வோர் உண்டு. திருமணத்திற்குச் சேலை எடுக்கத் தியாகராய நகருக்கும், திருப்பயணமாகச் சாந்தோம் பேராலயத்திற்கும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி அன்னை ஆலயத்திற்கும் செல்வோரும் உண்டு. இரயில் கட்டணத்தையும் தங்கும் செலவையும் நாம் முன்கூட்டியே கணக்கிட்டு விடுகிறோம். உணவுச் செலவை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக் கொள்ளலாம்" என்று விட்டு விடுகிறோம்.

இதன் விளைவு என்ன? கண்ணில் பட்ட முதல் பெரிய ஓட்டலுக்குள் குடும்பத்தோடு நுழைகிறோம். விலைப் பட்டியலைக் கண்டபின் எழுந்து வர மனம் கூசுகிறது. பிள்ளைகளுக்குத் தோசை சொல்லிவிட்டு, "எனக்குப் பசியில்லை" என்று தாய் காப்பியோடு நிறுத்திக் கொள்கிறாள். பணம் வீணானதைவிட, அந்தப் பசியில்லாத பசியே நம்மை வருந்தச் செய்கிறது. தென் சென்னையிலும் மத்திய சென்னையிலும் குறைந்த செலவில் நல்ல உணவு கிடைக்கத்தான் செய்கிறது. அதை எங்கே, எப்பொழுது தேடுவது என்பதை அறிந்து கொண்டால் போதும்.

சிறிய பட்டியலே நல்ல அடையாளம்

முதலில் மயிலாப்பூர். கபாலீசுவரர் கோவிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளிலும், அவற்றை ஒட்டிய சந்துகளிலும் 'மெஸ்' எனப்படும் சிறு உணவகங்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. வேலை தேடி நகருக்கு வந்த தனி ஆடவர்களுக்கு, மாதக் கணக்கில் வீட்டுச் சமையலைப் போன்ற உணவை அளிக்கத் தோன்றியவையே பழைய மெஸ்கள். அருண்டேல் தெருவிலுள்ள ராயர் மெஸ் 1930-களில் தொடங்கிய மரபு. கற்பகாம்பாள் மெஸ் என்ற பெயரை மயிலாப்பூரில் அறியாதார் இல்லை.

இத்தகைய இடங்களில் பளபளப்பு இராது. ராயர் மெஸ்ஸில் இடம் சிறிது. வாசலில் காத்திருக்க நேரிடும். இட்லி, பொங்கல், வடை, தோசை, காப்பி என்று பட்டியலும் சிறிது. அங்கே நாள் முழுதும் அடுப்பு எரிவதில்லை. காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம், அவ்வளவே.

இவற்றைக் குறைகள் என்று எண்ணுதல் தவறு. நாற்பது பண்டங்களைப் பட்டியலில் எழுதி வைக்கும் ஓட்டல், நாற்பதுக்கும் உரிய பொருள்களை வாங்கி வைக்க வேண்டும். அவற்றில் விற்காதது வீணாகும்; அல்லது குளிர்பெட்டியில் கிடந்து மறுநாள் நம் தட்டுக்கு வரும். ஐந்தே பண்டங்களைச் செய்பவருக்கோ எவ்வளவு மாவு வேண்டும் என்பது கைப்பழக்கமாகி விடுகிறது. ஆவி பறக்கும் இட்லி தட்டில் விழுந்து கொண்டேயிருக்கிறது, எதுவும் மிஞ்சுவதில்லை. விலை குறைவதற்கும் சுவை கூடுவதற்கும் இது ஒன்றே காரணமாகிறது. ஆகவே, புதிய தெருவொன்றில் உணவு தேடும்போது, பெயர்ப்பலகையின் அளவைப் பாராமல், பட்டியலின் சுருக்கத்தையும் உள்ளூர்க்காரர் கூட்டத்தையும் பாருங்கள்.

மதிய இலை

தியாகராய நகரில் நிலைமை வேறு. பாண்டி பஜார், உஸ்மான் சாலை, மாம்பலம் இரயில் நிலையத்தை ஒட்டிய ரங்கநாதன் தெரு ஆகியவை தமிழகம் முழுவதும் வந்து கூடும் கடைவீதிகள். பகல் ஒரு மணிக்கு இங்கே சாப்பிட இடம் தேடுவது, தேர்த் திருவிழாவில் நிழல் தேடுவதற்கு ஒப்பாகும். பதினொன்றரை மணிக்கே உண்டுவிட்டுப் பிறகு கடைகளுக்குச் செல்வதே அறிவுடைமை. முதற்பந்தியில் சோறும் சூடாக இருக்கும். உட்கார இடமும் கிடைக்கும்.

பெரும்பாலான ஓட்டல்களில் முழுச் சாப்பாடு, அளவுச் சாப்பாடு என இரு வகை உண்டு. முழுச் சாப்பாட்டில் சோறும் குழம்பும் கேட்கக் கேட்க வரும். முதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் அளவுச் சாப்பாடே போதும். சாம்பார் சாதமும் தயிர் சாதமும் இதைவிடச் சிக்கனமானவை. வண்டிக் கடைகளைச் சென்னை மக்கள் அன்போடு 'கையேந்தி பவன்' என்பர். அவற்றை நாம் இகழ வேண்டியதில்லை. கண்ணெதிரே சுட்டெடுப்பதைச் சூட்டோடு உண்ணலாம். ஆனால் குடிநீரையும், திறந்து கிடக்கும் சட்னியையும் கவனித்துக் கொள்வது நலம்.

ஒரு ரூபாய் இட்லி

அடையாற்றில் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. வெளியூரிலிருந்து நோயாளியோடு வருவோர் ஒரு நாளில் திரும்புவதில்லை. வாரக் கணக்கில் தங்க வேண்டியவர்கள் பலர். இத்தகையோருக்கு ஒவ்வொரு வேளை உணவும் மருந்துச் செலவோடு போட்டியிடுகிறது. மெஸ் விலைகூட அவர்களுக்குப் பாரமே. அவர்கள் அறிந்திருக்க வேண்டியது மாநகராட்சியின் அம்மா உணவகம்.

2013 பிப்ரவரி 19 அன்று அப்போதைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா இதனைத் தொடங்கி வைத்தார். முதலில் 15 இடங்களில் தோன்றிய உணவகங்கள் விரைவில் நகரின் எல்லா வட்டங்களுக்கும், அரசு மருத்துவமனைகள் சிலவற்றின் வளாகங்களுக்கும் பரவின. காலையில் இட்லி ஒன்று 1 ரூபாய்; பொங்கல் 5 ரூபாய். நண்பகலில் சாம்பார் சாதம் 5 ரூபாய்; தயிர் சாதம் 3 ரூபாய். தொடங்கிய நாளின் விலை பத்தாண்டுகளுக்கு மேலாகியும் உயரவில்லை. சமைப்பவரும் பரிமாறுபவரும் மகளிர் சுய உதவிக் குழுவினர். ஆட்சி மாறியபின்னும் இவை மூடப்படவில்லை. 2024 ஜூலையில், முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் இவற்றைப் புதுப்பிக்க 21 கோடி ரூபாய் அறிவித்தார்.

நால்வர் கொண்ட குடும்பத்திற்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். காலையில் ஆளுக்கு மூன்று இட்லியும் ஒரு பொங்கலும் என்றால் 32 ரூபாய். நண்பகலில் ஆளுக்கு ஒரு சாம்பார் சாதமும் ஒரு தயிர் சாதமும் என்றால் மீண்டும் 32 ரூபாய். இரு வேளைக்கும் சேர்த்து 64 ரூபாய்! காலை உணவு பத்து மணி வரை. மதிய உணவு பன்னிரண்டு முதல் மூன்று வரை. உணவு தீர்ந்து விடுவதும் உண்டாதலால் முன்னதாகவே செல்வது நல்லது.

கூச்சம் எதற்கு?

"அது ஏழைகளுக்கல்லவா? நாம் அங்கே போய் நிற்பதா?" என்று நடுத்தரக் குடும்பத்தார் சிலர் தயங்குகின்றனர். சென்னையின் உணவகங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. யாருடன் யார் அமர்ந்து உண்பது என்ற கேள்வி இந்நகரில் தெருவுக்கு வந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. திருவல்லிக்கேணியில் ஓட்டல் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்து 1957-இல் பெரியார் நடத்திய கிளர்ச்சியை முதியவர்கள் அறிவர். சாதியின் பெயரால் இருந்த தடை மெல்ல மெல்ல அகன்றது. இப்பொழுது பணத்தின் பெயரால் நாமே நமக்கொரு தடையை எழுப்பிக் கொள்வது முறையா? அங்கே ஆட்டோ ஓட்டுநரும், கட்டடத் தொழிலாளியும், காவற்பணி செய்யும் முதியவரும், விடுதி மாணவரும் தோளுரசி நின்று உண்கின்றனர். அவர்களோடு நின்று உண்பதால் எவருக்கும் மதிப்புக் குறைந்துவிடாது. வசதியுள்ளோர் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளட்டும்: உணவு தீரும் வேளையில், வேறிடத்தில் உண்ண இயலாதவருக்கு வழிவிடுவது கடமை.

நினைவில் கொள்ள

பழைய நினைவோடு கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலைத் தேடுவோர் ஏமாறுவர். 1962 முதல் நடந்து வந்த அது 2008-இல் மூடப்பட்டது. இப்போது அங்கிருப்பது செம்மொழிப் பூங்கா.

அமர்ந்தவுடன் புட்டி நீரைத் திறந்து வைத்தால், "சாதாரணத் தண்ணீர் கொடுங்கள்" என்று கேட்கத் தயங்க வேண்டாம். ஓட்டல் ரசீதில் ஐந்து விழுக்காடு சரக்கு-சேவை வரி இருக்கலாம், அது சட்டப்படியானது. ஆனால் 'சேவைக் கட்டணம்' என்று தனியே சேர்த்து வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாதென, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்துள்ளது. அதை நீக்கச் சொல்வது நம் உரிமை.

உட்காருமுன் விலையைக் கேளுங்கள்; கட்டுப்படியாகாதெனில் எழுந்து வாருங்கள். அதில் வெட்கமில்லை. புறப்படும் முன்பே, நாளொன்றுக்கு உணவுக்கென ஒரு தொகையை எடுத்துத் தனியே முடிந்து வையுங்கள். அத்தொகை குடும்பத்தில் ஒருவரும் விடுபடாமல் எல்லாரும் வயிறார உண்பதற்கு உரியது.