பிரிஜிட் என்ற பெயர் பட்ட பாடு

அயர்லாந்து நாட்டில் ஒரு காலத்தில் பெண் குழந்தைக்கு "பிரிஜிட்" என்று பெயர் வைக்கவே அஞ்சினார்கள். அவ்வளவு பெரிய பெயர் அது!

பிறகு ஒரு காலம் வந்தது. வீட்டுக்கு ஒரு பிரிஜிட் இருந்தாள்.

அதற்கும் பிறகு இன்னொரு காலம் வந்தது. "அந்தப் பெயரா? வேண்டவே வேண்டாம்" என்று பெற்ற தாய்மார்களே அதை ஒதுக்கினார்கள்.

பெயர் என்னவோ ஒன்றுதான். அதற்கு ஏன் இத்தனை ஏற்றமும் இறக்கமும்?

பொருள் என்ன?

பிரிஜிட் என்றால் "உயர்ந்தவள்" என்று பொருள். பழைய கெல்ட் இன மக்களின் மொழியில் "பிரிகந்தி" என்று இருந்த சொல், நாளடைவில் தேய்ந்து பிரிஜிட் ஆயிற்று. ஐரிஷ் மொழி பேசுவோர் அதை இன்னும் சுருக்கி, "பிரீட்" என்று சொல்கிறார்கள்.

இந்தச் சொல்லுக்கு நமக்குத் தெரிந்த உறவுக்காரர் ஒருவர் உண்டு. வடமொழியில் "பிருகத்" என்றால் பெரிய, உயர்ந்த என்று பொருள். அதன் பெண்பால் "பிருகதி". கெல்ட் மொழிகளும் வடமொழியும் மிகப் பழைய காலத்தில் ஒரே தாய்மொழியிலிருந்து பிரிந்தவை. பிரிகந்தியும் பிருகதியும் ஒரே வேரில் முளைத்த சொற்கள் என்று மொழி நூலார் கூறுகிறார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலின் இறைவனுக்குப் பிற்காலத்தில் வழங்கிய பெயர் பிரகதீசுவரர். அம்மன் பெயர் பிரகந்நாயகி, தமிழில் பெரியநாயகி. அந்தப் "பிரக"வும் அயர்லாந்துப் பெண்ணின் "பிரி"யும் ஒன்றுவிட்ட சகோதரிகள்! (தமிழுக்கும் ஐரிஷ் மொழிக்கும் உறவு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். உறவெல்லாம் அந்த வடமொழிச் சொல்லோடுதான்.)

"நெருப்பு அம்பு" என்று ஒரு பொருளும் பல புத்தகங்களில் சொல்லப்படுகிறது. சுமார் கி.பி. 900-இல் எழுதப்பட்ட "கார்மக்கின் சொல்லகராதி" என்ற பழைய ஐரிஷ் நூல் சொன்ன விளக்கம் அது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால், இன்றைய அறிஞர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை.

மூன்று சகோதரிகள்

அதே சொல்லகராதி இன்னொரு செய்தியும் தருகிறது. பிரிஜிட் ஒரு தெய்வம். கவிஞர்கள் அவளை வணங்கினார்கள். அவளுக்கு இரண்டு சகோதரிகள். அவர்கள் பெயரும் பிரிஜிட்தான்! ஒருத்தி வைத்தியத்துக்கு உரியவள். மற்றொருத்தி கொல்லன் பட்டறைக்கு உரியவள்.

கவிதை, மருந்து, இரும்பு - மூன்றுக்கும் ஒரே பெயர்.

அடிமைப் பெண்ணின் மகள்

பிறகு கிறிஸ்தவ சமயம் வந்தது. அந்தச் சமயத்தின் பெரிய புனிதை ஒருவரும் அதே பெயரில் விளங்கினார். அவரே புனித பிரிஜிட். பேட்ரிக், கொலம்பா என்ற இரு புனிதர்களோடு அயர்லாந்தின் காவலராக இவரும் போற்றப்படுகிறார்.

அவர் கி.பி. 451-ஐ ஒட்டிப் பிறந்து 525-ஐ ஒட்டி மறைந்தார் என்பது மரபு. தந்தை ஒரு குறுநிலத் தலைவர். தாயோ அவர் வீட்டு அடிமை! "தெய்வத்தின் கதைதான் புனிதையின் கதையாக மாறியது, அப்படி ஒருவர் வாழவே இல்லை" என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. "இல்லை, வாழ்ந்தவர்தான்" என்பார்கள் மற்றவர்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

பிரிஜிட்டைப் பற்றிய கதைகளில் பெரும்பாலானவை, அவர் எதையாவது எடுத்து ஏழைக்குக் கொடுத்த கதைகள்தான். பால், வெண்ணெய், துணி - வீட்டில் எது இருந்தாலும் மிஞ்சாது.

தந்தை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. மகளை ரதத்தில் ஏற்றினார். அரசன் வீட்டில் மாவு அரைக்க விற்றுவிடுவது என்று புறப்பட்டார். அரண்மனை வாசலில் மகளை விட்டு உள்ளே போனார். ரதத்தில் அவருடைய வாள் இருந்தது. அந்த வழியாக ஒரு தொழுநோயாளி வந்து பிச்சை கேட்டான். கொடுக்க வேறு ஒன்றும் இல்லை. பிரிஜிட் வாளை எடுத்துக் கொடுத்துவிட்டார்!

அரசன் விவரம் கேட்டான். அவனுடைய செல்வம் தன் கையில் இருந்தால் அதையும் இப்படித்தான் கொடுத்துவிடுவேன் என்றார் பிரிஜிட். அரசன் அவரை வாங்க மறுத்துவிட்டான். நாம் விலைபேசக் கூடியவள் அல்ல இவள் என்று தந்தைக்குச் சொல்லி அனுப்பினான்.

அணையாத நெருப்பு

பிரிஜிட் மடம் அமைத்த ஊர் கில்டேர். டப்ளின் நகருக்குத் தென்மேற்கே இருக்கிறது. "கில் டாரா" என்றால் ஓக் மரத்துக் கோயில்.

மடத்துக்கு நிலம் வேண்டும் என்று அவர் கேட்டாராம். அரசன் மறுத்தானாம். "என் போர்வை மூடுகிற இடம் போதும்" என்றாராம் பிரிஜிட். அரசன் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். போர்வையை விரித்தார்கள். அது விரிந்தது, விரிந்தது, விரிந்துகொண்டே போனது! அப்படிக் கிடைத்தது கில்டேரை அடுத்துள்ள கர்ரா சமவெளி என்பது கதை. சமவெளி இன்றும் இருக்கிறது. அங்கே ஆடுகள் மேய்கின்றன. பெரிய குதிரைப் பந்தயங்களும் நடக்கின்றன.

கில்டேரில் ஒரு நெருப்பு அணையாமல் எரிந்துவந்தது. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்துக்கு வந்த ஜெரால்டு என்ற வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் அதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். 19 கன்னியர்கள் ஓர் இரவுக்கு ஒருவராக முறைவைத்து நெருப்பைக் காத்தனர். இருபதாம் இரவு யாரும் காக்கமாட்டார்கள். அது பிரிஜிட்டின் முறை. விறகை அருகில் வைத்து, "இது உன் இரவு, நீயே பார்த்துக்கொள்" என்ற பொருளில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் வந்து பார்த்தால் விறகு எரிந்திருக்கும். நெருப்பும் இருக்கும்.

16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆட்சி மடங்களை மூடியபோது அந்த நெருப்பும் அணைந்தது.

மொட்டை போட்டவன்

இப்படிப்பட்ட ஒருவரின் பெயரை, நாளைக்குத் திட்டவும் அடிக்கவும் போகிற ஒரு குழந்தைக்கு எப்படி வைப்பது? பழைய அயர்லாந்துக்காரர்கள் வைக்கவில்லை. பெயரின் முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள்.

"மேல் பிரிக்தே" என்று ஆண்களுக்குப் பெயர் வைத்தார்கள். அதாவது, பிரிஜிட்டுக்காக மொட்டை போட்டவன்! பக்தன் என்பது கருத்து. "கில்லா பிரீட" என்றும் வைத்தார்கள். பிரிஜிட்டின் ஊழியன் என்று அதற்குப் பொருள். அந்த ஊழியனின் வழிவந்தவர்களே இன்றைய "மெக்பிரைட்" குடும்பத்தார். 1974-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஷான் மெக்பிரைட்டின் குடும்பப் பெயர் இதுதான்.

மரியன்னையின் பெயருக்கும் இதே மரியாதை. மாதாவுக்கு "முர்ரே" என்று ஒரு வடிவம். மற்றப் பெண்களுக்கு "மாய்ர" என்று வேறொரு வடிவம். இன்றும் அப்படித்தான்.

17-ஆம் நூற்றாண்டு முதல் இந்த அச்சம் விலகியது. பெண் குழந்தைகளுக்கு பிரிஜிட் என்று தாராளமாகப் பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது அது "பிரிட்ஜெட்" ஆயிற்று. கொஞ்சிக் கூப்பிட "பிட்டி", "பிரைடி", "பிரீடா". பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைக்கும் வழக்கம் அங்கும் உண்டு. ஆகவே பெயர் பெருகிக்கொண்டே போயிற்று.

கப்பல் ஏறிய பிரிட்ஜெட்டுகள்

1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழைகளுக்கு அதுதான் மூன்று வேளைச் சாப்பாடு. கிழங்கு நிலத்திலேயே அழுகியது. ஏழு ஆண்டுகள் நீடித்த அந்தப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். இன்னும் 10 லட்சம் பேருக்கு மேல் கப்பல் ஏறினர்.

பஞ்சம் முடிந்தும் பயணம் நிற்கவில்லை. கல்யாணமாகாத பெண்கள் தனியாகவே அமெரிக்காவுக்குப் போனார்கள். நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் பணக்கார வீடுகளில் சமையல்காரியாகவும் வேலைக்காரியாகவும் சேர்ந்தார்கள். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டவேண்டும். இரவு எல்லோரும் தூங்கிய பிறகுதான் படுக்கை. ஆனால் சாப்பாடும் இடமும் அங்கேயே. சம்பளம் மிச்சமாகும். அந்தப் பணம் ஊருக்குப் போய் வாடகை பாக்கியைத் தீர்த்தது; தங்கைக்குக் கப்பல் சீட்டு வாங்கியது. தங்கை வந்து அடுத்த தங்கைக்குச் சீட்டு வாங்கினாள்.

இவர்களில் பலருடைய பெயர் பிரிட்ஜெட். ஆகவே எஜமானிகள் வேலைக்காரி என்றாலே "பிரிட்ஜெட்" என்று சொல்லத் தொடங்கினார்கள். பத்திரிகைகளும் கேலி செய்தன. 1883-இல் "பக்" என்ற அமெரிக்கப் பத்திரிகை ஒரு படம் போட்டது. பூதம் போன்ற சமையல்காரி முஷ்டியை உயர்த்துகிறாள். ஒல்லியான எஜமானி நடுங்குகிறாள். அடுப்பில் பாத்திரம் பொங்கி வழிகிறது. தட்டுகள் உடைந்து கிடக்கின்றன.

சில வீடுகளில் அந்தப் பெயர்கூடப் பெண்ணுக்கு மிஞ்சவில்லை. 1892-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபால் ரிவர் நகரில், போர்டன் என்ற பணக்காரரும் அவர் மனைவியும் கொலையுண்டனர். அமெரிக்காவையே ஆட்டிவைத்த வழக்கு அது. அந்த வீட்டு வேலைக்காரி பிரிட்ஜெட் சல்லிவன் சாட்சி சொன்னார். அப்போது ஒரு விஷயம் வெளிவந்தது. வீட்டின் பெண்கள் இருவரும் அவரை "மேகி" என்றுதான் கூப்பிட்டு வந்தார்கள். மேகி, முன்பு அங்கே வேலை பார்த்தவள் பெயர்! ஆள் மாறினாலும் கூப்பிடும் பெயரை மாற்ற அவர்களுக்கு மனம் வரவில்லை.

இப்படியானால் எந்தத் தாய் தன் மகளுக்கு அந்தப் பெயரை வைப்பாள்? பிரிட்ஜெட்டுகள் பலர் "டீலியா" என்றும் "பெர்த்தா" என்றும் பெயரை மாற்றிக்கொண்டார்கள். மகள்களுக்கு வேறு பெயர்களைத் தேடினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஒரு விதவையின் கடை

வெக்ஸ்ஃபோர்ட் பகுதியிலிருந்து போன பிரிட்ஜெட் மர்ஃபியின் கதை கொஞ்சம் வேறு. 1849-இல் பாஸ்டனில் பேட்ரிக் கென்னடி என்ற பீப்பாய் செய்யும் தொழிலாளியை அவர் மணந்தார். ஐந்து குழந்தைகள், ஒன்று சிறுவயதிலேயே இறந்தது. 1858 நவம்பரில் கணவரும் இறந்தார். கடைசிப் பையனுக்கு அப்போது வயது பத்து மாதம்.

பிரிட்ஜெட் வேலை செய்தார். பிறகு கிழக்கு பாஸ்டனில் ஒரு சில்லறைச் சாமான் கடையைச் சொந்தமாக நடத்தினார். நான்கு பிள்ளைகளையும் வளர்த்தார். அந்தக் கடைசிப் பையன் சட்டமன்ற உறுப்பினரானார். அவருடைய பேரன் ஜான் கென்னடி, 1961-இல் அமெரிக்காவின் ஜனாதிபதியானார்!

1963 ஜூனில் ஜனாதிபதி கென்னடி அயர்லாந்துக்கு வந்தபோது, வெக்ஸ்ஃபோர்டில் உள்ள தம் முன்னோர் பண்ணைக்குப் போய், உறவினரோடு தேநீர் அருந்தினார்.

மீண்டும் மூட்டிய தீ

1993-இல் கில்டேரில் பிரிஜிட் சபைக் கன்னியர்கள் நெருப்பை மீண்டும் ஏற்றினார்கள். 2006-இல் ஊர்ச் சதுக்கத்திலும் ஒரு தீபம் அமைக்கப்பட்டது. அதை ஏற்றிவைத்தவர் அப்போதைய ஜனாதிபதி மேரி மெக்அலீஸ்.

பெயர் முழுவதும் திரும்பி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இன்றைய அயர்லாந்துத் தாய்மார்கள் அதிகம் விரும்பும் பெயர்கள் கிரேஸ், எமிலி, சோஃபி, ஃபீயா போன்றவை. பிரிஜிட்டுக்கு அந்த முன்வரிசையில் இடம் இல்லை.

ஆனால் அவர் நாள் மறக்கப்படவில்லை. பிப்ரவரி 1-ஆம் தேதி பிரிஜிட் திருநாள். பழைய ஐரிஷ் கணக்கில் வசந்தம் பிறக்கும் நாளும் அதுவே. முதல்நாள் மாலையில் கோரைப்புல்லைப் பறித்து வந்து, நான்கு கைகள் கொண்ட சிலுவையாகப் பின்னி, வாசலுக்கு மேலே செருகுவார்கள். வீட்டுக்குத் தீயும் பசியும் வராது என்பது நம்பிக்கை. வெளியே ஒரு துணியையும் போட்டுவைப்பார்கள். இரவில் பிரிஜிட் அந்த வழியே போகும்போது தொடுவாராம். தலைவலி வந்தால் அந்தத் துணியைக் கட்டிக்கொண்டால் போதும்! கெர்ரி பகுதியில் வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு, பிரிஜிட் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடுகிறார்கள்.

அயர்லாந்தில் பேட்ரிக்கின் திருநாளான மார்ச் 17-க்கு வெகுகாலமாகவே பொது விடுமுறை உண்டு. பிரிஜிட்டுக்கு இல்லை. 2022-இல் அரசு அதை அறிவித்தது. 2023 பிப்ரவரி 6-ஆம் தேதி, திங்கட்கிழமை, நாடே முதன்முதலாக பிரிஜிட் பெயரில் விடுமுறை கொண்டாடியது. அயர்லாந்தில் ஒரு பெண்ணின் பெயரில் வந்த முதல் பொது விடுமுறை அதுதான்.

ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் திங்களன்று இந்த விடுமுறை வரும். பிப்ரவரி 1 வெள்ளிக்கிழமையாக அமைந்தால் மட்டும் அன்றைக்கே விடுமுறை. அப்படி முதல்முறையாக அமையப்போவது 2030-இல்.